நாலு தடவை போனவள்

பொரளை,
9 மே 1966

மதிப்புக்குரிய நிலைய அதிபர் சரணபால மாத்தயா அவர்களுக்கு,

உறையின் மேலுள்ள கையெழுத்தைப் பார்த்ததுமே இதை அடுப்பில் போட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். போடாமல் பிரித்துவிட்டீர்கள் என்றால் கடைசி வரை படித்துவிடுங்கள். உங்களுக்கும் எனக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. அதை மாற்ற வேண்டும் என்று நான் எழுதவில்லை. என் கணவர் சிரிலுக்காக எழுதுகிறேன். அவரோடு உங்களுக்குச் சண்டை எதுவும் இல்லையே.

வெசாக் பண்டிகைக்கு விளக்குக்கூடு கட்டுகிறேன் என்று ஏணியில் ஏறியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கூடு இன்னும் பாதி கட்டியபடியே முருங்கை மரத்தில் தொங்குகிறது. பெரியாஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். வயிற்றில் கட்டி. நல்லதா கெட்டதா என்று திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியுமாம். சீக்கிரம் திறக்க வேண்டும் என்கிறார் டாக்டர். மாட்டேன் என்கிறார் இவர். வானொலி வாத்தியக் குழுவில் இருபது வருடம் வயலின் வாசித்த மனிதர், எந்தப் பாடகர் எங்கே தடுமாறினாலும் பதறாமல் தூக்கி நிறுத்தியவர், சின்னப்பிள்ளை மாதிரி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

"எனக்குப் பயமா இருக்கு, ஐராங்கனி. சரணபால அண்ணாக்கிட்ட ஒரு சாந்திக்கவி வாங்கித் தா. அது வந்தாத்தான் கத்திக்குப் படுப்பேன்" என்றார்.

நானே எழுதித் தருகிறேனே என்று கேட்டேன். அந்த நோவிலும் சிரித்தார். "உன் கவிதைய ஓதினா எமதூதனுக்கே நித்திரை வரும். ஆனா வேலைய முடிச்சிட்டுத்தான் படுப்பான்" என்றார். இருபது வருடம் என்னோடு குடித்தனம் நடத்திய மனிதர் சொல்கிற சொல்லா இது?

அவர் ஏன் உங்களைக் கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். நாற்பத்தெட்டில் என் மகன் குறுக்கே கிடந்து வெளியே வர மறுத்தபோது ஆபத்து விலக ஓதுகிற சாந்திக்கவி ஒன்றை நீங்கள் எழுதினீர்கள். உங்கள் மனைவி, என் மகிலின் அக்கா, விளக்கேற்றி, மல்லிகைப்பூ வைத்து, என் காலடியில் உட்கார்ந்து அதை ஓதினார். பிள்ளையும் பிழைத்தான், நானும் பிழைத்தேன். அதை எழுதியவர் நீங்கள் என்பதை சிரில் மறக்கவில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். அவருக்கு உண்டு. நாலே நாலு கவி போதும்.

இப்படிக்கு,
ஐராங்கனி


நெலுகந்தை ரயில் நிலையம்,
14 மே 1966

வானொலி நோனாவுக்கு,

அடுப்பில் போடவில்லை. இந்த மலையில் விறகெல்லாம் ஈரம். கடிதம் என்ன, கதவைப் போட்டாலும் எரியாது.

சிரில் கேட்டால் நான் இல்லையென்று சொல்வேனா? மருதானையில் அந்த ஒற்றை அறையில் அவனும் நானும் இந்தி இசைத்தட்டை ஓடவிட்டு, மெட்டுக்கு அசை எண்ணி, சிங்களச் சொல்லை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். செருப்பை முதலில் வாங்கிவிட்டு அதற்கு ஏற்ற காலைத் தேடும் வேலை அது. மற்றவன் மெட்டு வேண்டாம், நம்முடைய மெட்டைத் தேடுவோம் என்று முதலில் சொன்னவன் அவன்தான். கதிர் காவலுக்குப் பரணில் இருப்பவர் பாட்டு, வண்டிக்காரர் பாட்டு என்று ஊர் ஊராகப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான். எனக்குத் தம்பி இருந்திருந்தால் சிரில் மாதிரி இருந்திருப்பான்.

ஆகையால் உட்கார்ந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்தேன். அவன் பிறந்த நேரம் எனக்கு மனப்பாடம். எந்த எழுத்தில் தொடங்கினால் அமுதம், எந்த எழுத்து நஞ்சு என்பதும் மறக்கவில்லை. முதல் வரி நன்றாகவே வந்தது. இரண்டாம் வரிக்குப் போனால் வருகிற சொல் எல்லாம் வெட்டு, முறி, தெறி என்று வருகிறது. ஏன் என்று யோசித்தேன். சிரில் என்று எழுதும்போது பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

நோனா, உங்களுக்கு இது பழங்கதையாக இருக்கலாம். எங்கள் வரிசையில் வந்தவர்களுக்கு இது சட்டம். சாந்திக்கவி கட்டுகிறவன் நெஞ்சில் கசப்பு இருக்கக் கூடாது. இருந்தால் அது சொல்லில் இறங்கும். காப்பு என்று எழுதியது அறம் பாடியதாகிவிடும். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கசப்பு உங்களைச் சுட வேண்டுமென்றால் அதற்கு நேர்வழி எது? உங்கள் கட்டிலில் பாதி இடத்தில் படுக்கிற மனிதன்தான். அவன் வயிற்றின் மேல் என் கோபத்தை எழுதி அனுப்பச் சொல்கிறீர்களா?

எழுதியதைக் கிழித்துவிட்டேன். சரணபாலவுக்கு எழுத்து வற்றிப்போய்விட்டது என்று அவனிடம் சொல்லுங்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

சரணபால


பொரளை,
18 மே 1966

நிலைய அதிபர் மாத்தயாவுக்கு,

ஒரு மனிதன் பயந்துபோய்க் கிடக்கிறான். நீங்கள் உங்கள் நெஞ்சு சுத்தமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை நேற்றே எழுதியிருப்பேன். நேற்று எழுதியிருந்தால் தபால்காரர் கையைச் சுட்டிருக்கும்.

எழுத்து வற்றிவிட்டது என்று நான் சிரிலிடம் சொல்லவில்லை. "அண்ணா எழுதிக்கொண்டிருக்கிறார்" என்றேன். "ஓம், அவருக்கு நேரம் எடுக்கும். நல்லாச் செய்யிறவர்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். டாக்டர் வந்து, இனியும் ஒத்திப்போட்டால் தன்னிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். குணத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம். முதலில் கோபத்தை அனுப்புங்கள். ஒன்பது வருடமாகத் திட்டாமல் வைத்திருந்ததை முழுக்கத் திட்டுங்கள். ஒரு வரி பதில் பேசாமல் படிக்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்தக் கட்டுரையில் கவிதையைப் பற்றி நான் எழுதியது தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். நம்பாததை நம்புகிறேன் என்று சொல்லி வாங்குகிற கவி சிரிலுக்கு எந்தக் காப்பையும் தராது. உங்கள் சட்டப்படி பார்த்தாலும் அப்படித்தானே?

ஐராங்கனி


நெலுகந்தை,
24 மே 1966

நோனா,

கேட்டீர்கள், தருகிறேன்.

அந்தப் பத்திரிகை மேலே வருகிற காலை வண்டியில் வந்தது. கார்ட் விக்டர் அதை ஆட்டிக்கொண்டே இறங்கினான். "மாத்தயா, உங்கட பேர் பேப்பர்ல வந்திருக்கு, தேத்தண்ணி வாங்கித் தாங்க" என்றான். வாங்கிக் கொடுத்தேன். அவன் குடித்துக்கொண்டிருக்கும்போது படித்தேன். மகிலின் செத்து ஒரு வருடம் ஆகவில்லை. அவளைப் பற்றி நான் எழுதியது ஒரே ஒரு கவி. உங்களுக்கு மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

விளக்கை ஏற்றி வைத்தவள் போய்விட்டாள்
கிணற்றில் வாளியை விட்டவள் போய்விட்டாள்
மழைக்கு முன்பே துணியெடுத்தவள் போய்விட்டாள்
சொல்லிக்கொள்ளாமல் என்னை விட்டவள் போய்விட்டாள்

இதன் கீழே நீங்கள் எழுதியதும் எனக்கு மனப்பாடம். "பெண் முதல் வரியிலேயே போய்விட்டாள். மற்ற மூன்று வரிகளிலும் இயைபுக்காகத் திரும்பத் திரும்பப் போகிறாள். மனிதர் ஒரு தடவைதான் சாகிறார்கள். நம்முடைய நாலுவரிக் கவிஞர்கள் அவர்களை நாலு தடவை சாகடிக்கிறார்கள். நாலு வரியையும் ஒரே கொட்டகையில் மாடு கட்டுவதுபோலக் கட்டிவைத்துவிட்டு இதைக் கவிதை என்கிறார்கள்."

நாட்டில் எத்தனை நாலுவரிக்காரர் இருந்தார்கள்! மாதப் பத்திரிகையைத் திறந்தால் கொட்டும். நிலாவைப் பாடியவன், நீர்வீழ்ச்சியைப் பாடியவன், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாவாடையைப் பாடியவன். அவர்களில் ஒருவனை எடுத்துத் தோலுரித்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன். உங்களுக்கு மகிலின்தான் கிடைத்தாளா? கவிதைப் போட்டியில் ஜெயித்த பெண் என்று சிரில் உங்களை எங்கள் அறைக்குக் கூட்டிவந்த அன்று, மழையில் நனைந்து வந்திருக்கிறாள் என்று தலை துவட்டி, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தவள் அவள். உங்கள் பிரசவத்தில் என் கவியை ஓதி ஓதித் தொண்டை கட்டி, ஒரு வாரம் சைகையில் பேசியவள் அவள். நன்றி என்ற சொல்லை அவளுக்கு நீங்கள் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்.

அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் நாலாம் வரியில் உங்கள் குரல் கேட்கும். கண்டிக் கூட்டத்தில் உங்கள் புத்தகத்தைப் பற்றி, பஸ் நேரசூசியை முறித்து அடுக்கினதுபோல இருக்கிறது என்று நான் சொன்னது உண்மை. இன்றைக்கும் சொல்வேன்.

திட்டி முடித்தேன். கோபம் பாதி போன மாதிரி இருக்கிறது. பாதிக் கோபத்தோடு காப்பு எழுத நான் துணிய மாட்டேன்.

கார்ட் விக்டரிடம் ஒரு கட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கரட்டும் லீக்ஸும் இருக்கிறது, நிலையத்துக்குப் பின்னால் நானே போட்டது. சிரிலுக்குச் சூப் வைத்துக் கொடுங்கள். உங்களுக்கு இல்லை.

சரணபால


பொரளை,
4 ஜூன் 1966

சரணபால அண்ணா,

கோபித்தாலும் கோபியுங்கள், இன்று மாத்தயா என்று எழுதக் கை வரவில்லை.

சூப் வைத்தேன். அவர் குடித்தார். எனக்கு இல்லை என்று நீங்கள் சொன்னதையும் சொன்னேன். அப்படியானால் சட்டியை வழித்துக் குடிக்கிற உரிமை மட்டும் உனக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். பதில் பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் பேசவில்லை. நேற்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நேற்றுப் பொசன் பௌர்ணமி, போயா நாள். பின்னேரம் பக்திப்பாட்டுக் குழு ஒன்று லொறியில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து பாடியது. வெள்ளை உடுத்த பிள்ளைகள். பாட்டு சுமார்தான். அவர்கள் போனபிறகு வார்டில் எல்லோருக்கும் பாடுகிற ஆசை வந்துவிட்டது. சிரிலையும் பாடச் சொன்னார்கள். "நான் வாசிக்கிறவன், பாடுறவன் இல்ல" என்று மறுத்துப் பார்த்தார். விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கரகரத்த குரலில் தொடங்கினார்.

அண்ணா, அவர் பாடியது மகிலின் அக்காவின் கவி.

அதற்கு அவர் மெட்டுப் போட்டிருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. வண்டிக்காரர் மெட்டு. மேட்டில் மாட்டை ஏற்றும்போது வரியின் கடைசியை இழுத்துக்கொண்டே போவார்களே, அதேதான். 'போய்விட்டாள்' என்று இழுக்கிறார், மேடு முடியவில்லை. அடுத்த வரியில் திரும்பவும் இழுக்கிறார். எப்போது போட்டீர்கள் என்று பிறகு கேட்டேன். நான் அந்தக் கட்டுரையை எழுதிய வாரம்தானாம். ஒன்பது வருடம் நான் இல்லாத நேரம் பார்த்துப் பாடியிருக்கிறார்.

அடுத்த கட்டிலில் பாணந்துறைக்காரர் ஒருவர், பழைய பிரக்டர், கோர்ட்டு வக்கீல். வாயைத் திறந்தால் இங்கிலிஷ் கவிதைதான் வரும். நான் யார் என்று தெரிந்த அன்றே, "நாலுவரிக்காரரை நீங்க கிழிச்சதை வாசிச்சு எழும்பி நின்று கைதட்டினேன் நோனா" என்று சொன்னவர். பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன். அந்த மனிதர் மூன்றாவது வரியில் அழத் தொடங்கிவிட்டார். மழைக்கு முன்பே துணியெடுத்தவள் என்று வருகிறதே, அங்கே. அவருடைய மனைவி போன மாசிமாதம் செத்துப்போனாராம். அதைக் கூட அவர் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னை நியாயப்படுத்துவதற்கோ என்னவோ, "ஒரே சொல் நாலு தரம் வருது, அதுதான் மனசைப் பிசையுது போல" என்று ஏதோ சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு தரம் சொன்னா நம்ப முடியுதா, நோனா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

அண்ணா, நான் அந்தக் கவியைக் கண்ணால் படித்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு படித்தேன். விளக்கடியில் அவள் இல்லை. சரி, கிணற்றடியில் இருப்பாள் என்று போகிறீர்கள். அங்கும் இல்லை. கொடியடியில் இல்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டுத்தான் நாலாம் வரிக்கு வருகிறீர்கள். அவள் நாலு தடவை சாகவில்லை. நீங்கள் நாலு தடவை தேடியிருக்கிறீர்கள். இது எனக்கு நேற்றுத்தான் காதில் விழுந்தது.

இயைபே வேண்டும் என்று நான் இன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பாவாடைக் கவிகளை இன்றைக்குக் கொண்டுவந்தாலும் கிழிப்பேன். ஆனால் இந்தக் கவியில் ஒரு சொல்லும் மிகையில்லை. சிரிலுக்குக் காப்பு வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் எழுதாவிட்டாலும் இது இப்படித்தான்.

மகிலின் அக்காவுக்கு நான் நன்றி சொல்லவில்லை என்பது உண்மை. அந்த வயதில், நம்மிடம் அன்பாயிருப்பது மற்றவர்களின் வேலை என்று நினைத்திருந்தேன். இப்போது சொல்ல ஆளில்லை. உங்களிடம் சொல்கிறேன். அவர் ஓதிய குரல் என் காலடியில் இருந்தபடியால்தான் அன்று நான் கண்ணைத் திறந்துவைத்திருந்தேன்.

ஐராங்கனி


நெலுகந்தை,
8 ஜூன் 1966

நங்கி,

இந்த வாய் உன்னைத் தங்கையாகக் கூப்பிட்டுப் பழகியது. கையும் அப்படியே எழுதிவிட்டது, இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் பிளாட்பாரத்தில் நின்றே படித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போனேன். வேலை ஒன்றுமில்லை, சும்மாதான் போனேன். நான் தேடினேன் என்று எனக்கே தெரியாது, நங்கி. எழுதினபோது வாயில் வந்ததை எழுதினேன். இயைபுக்காகத்தான் எழுதினேனோ என்று ஒன்பது வருடமாக எனக்கே சந்தேகம். என் கோபத்தில் பாதி அதுதான். நீ சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பிரக்டர் வாயால் அது போயிற்று. அந்த மனிதருக்கு என் வணக்கத்தைச் சொல்.

நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். கசப்பில்லை. உடனே உட்கார்ந்தேன். வந்தது இதுதான்.

சிரில் என்றொருவன் இருக்கிறான்.
அவனுக்காகப் பெட்டிக்குள் ஒரு வயலின் காத்திருக்கிறது.
கத்தி பிடிக்கும் கைக்கு
நேற்றிரவு நல்ல தூக்கம் கிடைத்திருக்கட்டும்.
புத்தரின் கருணை
அவன் கட்டிலின் கம்பியை அவனோடு சேர்ந்து பிடித்திருக்கட்டும்.
அவன் கண் விழிக்கும்போது
தெரிந்த முகம் ஒன்று அருகில் இருக்கட்டும்.
அவனை வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டி
தாமதமில்லாமல் வரட்டும்.

சிரிக்காதே. இயைபு இல்லை, நாலு வரி இல்லை, ஒன்றுமில்லை. முதலில் முறையாகத்தான் தொடங்கினேன். ஒரு இடத்தில் வரி முடிவுக்காக ஒரு சொல் தேவைப்பட்டது. தேடினேன், கிடைத்தது. ஆனால் அந்தச் சொல் சிரிலுக்கு எதுவும் செய்யாது, ஓசைக்கு மட்டும்தான் நிற்கும். ஒரு மனிதன் உயிரைக் காக்க எழுதுகிற இடத்தில் சும்மா நிற்கிற சொல் எதற்கு என்று எடுத்துவிட்டேன். ஒன்றை எடுத்தேன், மற்றதெல்லாம் தானாக விழுந்தது. உன் நோய் எனக்கும் தொற்றிவிட்டது.

தொடக்க எழுத்து அமுத எழுத்துத்தான். அதில் கை வைக்கவில்லை. காலையில் விளக்கேற்றி ஓது. இங்கே மழை பிடித்துக்கொண்டது, இன்றைய தபால் வண்டியிலேயே போடுகிறேன்.

அண்ணா,
சரணபால


பொரளை,
14 ஜூன் 1966

அண்ணா,

மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி ஓடவில்லை என்று செய்தியில் வாசித்தார்கள். நீங்கள் பத்திரமா? உங்கள் பதில் எதுவும் எனக்கு வரவில்லை. எழுதினீர்களோ இல்லையோ என்றுகூடத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று நாளைக்கு முன் சிரிலுக்கு நோ கூடிவிட்டது. மறுநாள் காலையில் திறந்தாக வேண்டும் என்றார் டாக்டர். "அண்ணாட கவி வந்ததா?" என்று இவர். நான் கைப்பையைத் திறந்து மூடினேன். வந்துவிட்டது என்று பொய் சொல்ல வாய்வரை வந்தது. நீங்கள் சொன்ன சட்டம் ஞாபகம் வந்தது. பொய்யோடு ஓதினால் அது எப்படிக் காப்பாகும்? "வரல்ல. பாதை உடைஞ்சு கிடக்கு. நான் எழுதித் தாறேன், அதை வச்சுக்குங்க" என்றேன்.

வார்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். இயைபில்லாமல் எழுதத்தான் எனக்குத் தெரியும். ஆனால் பயந்திருக்கிற மனிதருக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி மாதிரி ஏதாவது வேண்டும், திரும்பத் திரும்ப அதே இடத்தில் கைக்குக் கிடைக்க வேண்டும். உங்கள் கவியைக் கேட்ட பிறகு அது மட்டும் எனக்குப் புரிந்திருந்தது. ஆகையால் நாலு வரி. நான், ஐராங்கனி, நாலு வரி எழுதினேன். பிரக்டர் சாட்சி.

வயிற்றில் உள்ள கட்டி வேரோடு விலகட்டும்
வயலின் தந்தி போல நரம்பெல்லாம் இசையட்டும்
ஆஸ்பத்திரிக் கஞ்சியும் அமுதமாய் இனிக்கட்டும்
ஐராங்கனி சமையலை இன்னும் அவர் வையட்டும்

மூன்றாம் வரி உங்கள் பாவாடைக் கவிஞர்களுக்கே வெட்கத்தைத் தரும் என்று எனக்குத் தெரியும். அமுத எழுத்து, நஞ்செழுத்து எதுவும் பார்க்கத் தெரியவில்லை. காலையில் விளக்கேற்றி, மல்லிகைப்பூ வைத்து, மகிலின் அக்கா இருந்ததுபோலக் காலடியில் உட்கார்ந்து ஓதினேன். முதல் தடவை கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாம் தடவை நாலாம் வரியில் சிரித்துவிட்டார். "மெய்தான், உன் பருப்பில உப்பே இருக்கிறதில்ல" என்றார். மூன்றாம் தடவை வரி முடிவுகளை என்னோடு சேர்ந்து சொன்னார். விலகட்டும், இசையட்டும், இனிக்கட்டும், வையட்டும். தள்ளுவண்டி வந்ததும் கட்டிலின் கம்பியை அவராகவே விட்டார்.

நேற்று முன்தினம் திறந்தார்கள். கெட்ட கட்டி இல்லை, அண்ணா. கெட்ட கட்டி இல்லை. இன்று ஒரு கரண்டி கஞ்சி குடித்தார். இனிக்கவில்லையாம், கவிஞரைக் கூப்பிடு என்கிறார்.

யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். லிப்ட்காரருக்குக்கூடச் சொன்னேன்.

ஐராங்கனி


பொரளை,
2 ஜூலை 1966

அன்புள்ள அண்ணா,

நீங்கள் ஜூன் எட்டாம் திகதி எழுதியது இன்றுதான் கைக்கு வந்தது. உறை நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி இருக்கிறது.

வீட்டுக்கு வந்துவிட்ட சிரிலுக்குச் சாய்வு நாற்காலி போட்டு, உங்கள் கவியை வாசித்துக் காட்டினேன். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினார். "உன் கவிதைய அண்ணா பேர்ல வாசிச்சு என்னை ஏமாத்தப் பாக்காத" என்றார். கையெழுத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார். பிறகு சிரிக்கத் தொடங்கித் தையல் இழுக்க, வயிற்றில் தலையணையை அமர்த்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கண் கலங்கிற்று. "எனக்காக அந்த மனுசன் இயைபை விட்டிருக்கார், பாரு" என்றார். கடைசி வரியில் வருகிற வண்டியை மட்டும் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். அண்ணாவுடைய காப்பு நாள் கழித்து வந்தாலும் பழுதில்லை, வீட்டுக்கு வந்த மனிதனுக்கும் காப்பு வேண்டும் என்று சொல்லி மடித்து வயலின் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். மகிலின் அக்காவின் பாட்டை வானொலியில் என் நிகழ்ச்சியில் கொடுக்க விரும்புகிறேன். சிரில் தேறியதும் அவர் குரலிலேயே. வயலின்காரர் எதற்குப் பாட வேண்டும் என்று அங்கே கேட்பார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பாடினவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழுதினவரை விட்டுவிடுகிற வழக்கத்தையும் அன்றைக்கு உடைக்கப் போகிறேன். உங்கள் பெயரைச் சொல்லி, யாரைப் பற்றி எழுதியது என்பதையும் சொல்வேன். நாலு வரியும் அப்படியே வரும். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்.

நங்கி


நெலுகந்தை,
26 பெப்ரவரி 1967

அன்பு நங்கி,

பாட்டு நவம் போயாவன்று வரும் என்று நீ எழுதியதிலிருந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். நிலையத்து வானொலிப் பெட்டி கறகறக்கும் என்பதால் தேயிலைத்தோட்டக் கிளாக்கர் வீட்டிலிருந்து நல்லது ஒன்றை இரவல் வாங்கி மேசையில் வைத்தேன். போர்ட்டர் பண்டா காலையிலேயே பாற்சோறு சமைத்துவிட்டான். அவனுக்கு மகிலினைத் தெரியாது. எதற்கடா பாற்சோறு என்றால், "நம்ம நிலையத்தாள் ஒருத்தி ரேடியோவில வாறா, சும்மா இருக்கலாமா?" என்கிறான்.

வண்டி வருகிற நேரத்துக்கும் பாட்டு வருகிற நேரத்துக்கும் சண்டை வரும் என்று நான் பயந்தபடியே ஆயிற்று. கீழே இறங்குகிற வண்டி வந்து நின்றது. ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள், இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். பச்சைக்கொடி என் கையில். அந்த நேரம் பார்த்து என் பெயரைச் சொன்னார்கள். பிறகு அவள் பெயரைச் சொன்னார்கள். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது.

சிரில் விளக்கை ஏற்றினான். கிணற்றடிக்குப் போனான். இழுக்கிறான் பாவி, மேடு முடியாமல் இழுக்கிறான். நான் அந்த மெட்டைக் கேட்பது அதுதான் முதல் தடவை. நீ சொன்னதை அன்றைக்குத்தான் நம்பினேன். நான் தேடித்தான் இருக்கிறேன். வண்டியின் ஜன்னல்களில் இருந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பியிருந்தன. விக்டர் மட்டும் எனக்கு முகத்தைக் காட்டாமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

இதற்காக உனக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. அவளை ஊர் முழுக்கக் கேட்க வைத்தாய். அன்று நீ கிழித்திருக்காவிட்டால் அந்தக் கவி ஒரு புத்தகத்தின் நடுவில் கிடந்து கறையான் தின்றிருக்கும். சிரிலுக்கும் பிரக்டருக்கும் உனக்கும் என் நன்றி. மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறேன், இயைபோடும் இயைபில்லாமலும். வருகிறபடி வரட்டும்.

நாலாவது வரி முடிந்த பிறகுதான் கொடியைத் தூக்கினேன். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் நானாக ஒரு வண்டியைத் தாமதப்படுத்தியது அன்றைக்குத்தான். நானுஓயாவிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள், என்ன சுணக்கம், ஏன் விடவில்லை என்று.

மூடுபனி என்றேன்.

அன்று மலையில் ஒரு துளி பனி இல்லை, நங்கி. கடல்வரைக்கும் தெரிந்தது.

உன் அண்ணா,
சரணபால